கண்ணாடிக் கதவைத் தட்டிய டாக்டர்

"இந்தச் செல்லுகளுக்குக் காதே கிடையாதும்மா!" என்று கத்திக்கொண்டே வந்தார் கோமதிநாயகம்.

முப்பது வருடம் எலும்பு முறிவு பார்த்த டாக்டர். உடம்பின் செல்களைப் பற்றிப் படிக்க, தன்னைவிட இருபது வயது இளைய சலோமியின் ஆய்வகத்தில் மாணவராகச் சேர்ந்திருந்தார். கோபத்தை மட்டும் வீட்டில் விட்டுவிட்டு வரவில்லை.

"என்ன சார் ஆச்சு?"

"கால் எலும்பு முறிஞ்சு ஒட்டாமக் கிடக்கிறானே என் பேஷண்ட், லைன்மேன் இசக்கிராஜ், அவன் எலும்பு மஜ்ஜையில எடுத்த செல்லு. எலும்பா மாறுச்சுன்னா அவன் காலுக்குள்ள வச்சு ஒட்டிரலாம். மாறலன்னா வெள்ளிக்கிழமை நானே அந்தக் காலை வெட்டணும். எலும்பு வளர்க்கிற புரதத்தை ரெண்டு மடங்கு ஊத்தினேன், அஞ்சு மடங்கு ஊத்தினேன், இந்த வாரம் பத்து மடங்கு. அசையவே இல்ல!"

"முதல் வாரம்?"

"லேசா மாற ஆரம்பிச்சுது. அப்புறம் நின்னுபோச்சு. அந்தப் புரதம் உள்ள எதுவரைக்கும்தான் போகுது?"

"உள்ளயே போகாது சார். வாசல்ல நின்னு தட்டும். சேதியைச் செல்லோட உட்கருவுக்குக் கொண்டுபோறது உள்ள இருக்கிற ஆளு."

"அப்ப இன்னும் ஓங்கித் தட்டணும்!"

சலோமி செல் வளர்க்கும் அறையைக் காட்டினார்.

"உங்க செல்லு அங்க இருக்கு. உள்ள வேலை பாக்கிற தேவகிருபைகிட்ட வாங்கிட்டு வாங்க."

ஒருவர் வேலை செய்யும்போது அந்த அறைக்குள் இன்னொருவர் நுழையக் கூடாது. கண்ணாடிக் கதவைத் தட்டினால், உள்ளே இருப்பவர் கைவேலையை மூடிவைத்துவிட்டு எடுத்து வந்து கொடுப்பார்.

கோமதிநாயகம் தட்டினார். தேவகிருபை நிமிர்ந்து பார்த்துத் தலையசைத்தார். கையிலிருந்த குப்பியை மூடத் தொடங்கினார்.

அதற்குள் கோமதிநாயகம் மறுபடி தட்டினார். பிறகு கையை மடக்கிக் குத்தினார். "காது அடைச்சுப்போச்சா உனக்கு?" என்று கண்ணாடி அதிரக் கத்தினார்.

தேவகிருபை எழுந்து வந்தார். உள்தாழ்ப்பாளைப் போட்டார். திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார்.

"பாத்தியா திமிரை!"

"முதல் தடவை தட்டினப்பவே கிளம்பினாங்க சார்."

"அப்ப எதுக்குத் தாழ்ப்பாள் போடுறா?"

சலோமி அவர் கையையே பார்த்தார். அது இன்னும் ஓங்கியபடி இருந்தது.

கோமதிநாயகம் கையை மெல்ல இறக்கினார்.

"செல்லுக்குள்ளயும் தாழ்ப்பாள் இருக்கா?"

"இருக்கு சார். அளவுக்கு மேல தட்டத் தட்ட, அதுவே செஞ்சு போட்டுக்கும்."

அவர் அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மூணு வாரமா," என்றார், "அந்தக் காலை நான்தான் வெட்டிக்கிட்டு இருக்கேன்."