கீச்சான் பேசிக் காட்டிய கூடு

அத்திக்காட்டில் அடைமழைக்கு முன்னால் எல்லாரும் பழ வரி கட்டியாக வேண்டும். வசூலிப்பவர் கரடியார். கூட்டில் குஞ்சு வளர்ப்பவர்களுக்கு மட்டும் பாதி வரி தள்ளுபடி.

அந்தக் காட்டில் கீச்சான் என்றொரு மைனாக் குஞ்சு இருந்தான். யார் குரலைக் கேட்டாலும் அப்படியே பிடித்துவிடுவான். போன வாரம்தான் புதருக்குள் ஒளிந்துகொண்டு, "வரி கட்டியாச்சா?" என்று கரடியார் குரலில் உறுமினான். முயல்கள் அத்தனையும் குளத்தில் குதித்துவிட்டன!

கீச்சானின் அப்பா நீலனும் அம்மா வடிவும் கூடு பிரிந்தவர்கள். அப்பா அருவிப் பாறையில் இருந்தான். அம்மா குளக்கரை நாவல் மரத்தில். கீச்சான் அம்மாவோடு.

வரி கட்டும் நாள் வந்தது. வடிவு பாதிப் பழங்களைக் கொண்டுவந்து வைத்தாள்.

"குஞ்சுத் தள்ளுபடிங்க ஐயா!"

கரடியார் காதைச் சொறிந்தார். "அதெப்படி? கீச்சான் பேரைச் சொல்லி நீலன் காலையிலேயே பாதி வரி கட்டிட்டானே! ஒரு குஞ்சுக்கு ஒரு தள்ளுபடிதான். மீதியையும் கொண்டா!"

கீச்சானுக்குப் பகீரென்றது. மீதிப் பழங்கள் மரப்பொந்தில் மழைக்காகச் சேர்த்தவை. அதையும் கொடுத்துவிட்டால் அம்மாவும் அவனும் எதைத் தின்பது?

"எங்கூடத்தான் இருக்கான் ஐயா!" என்று வடிவு கத்தினாள்.

நீலனுக்கு ஆள் போனது. வந்ததும் வராததுமாகக் கீச்சானைப் பிடித்து முன்னால் நிறுத்தினான். "இவன் மூக்கைப் பாருங்க! அச்சு அசல் என் மூக்கு!"

"தள்ளுபடி மூக்குக்கு இல்லப்பா, அடைகிற கூட்டுக்கு!" என்றார் கரடியார். "எந்தக் கூட்டுல அடையுறான்?"

"என் கூட்டுலதான்!" என்ற நீலன், குஞ்சின் பக்கம் குனிந்து கிசுகிசுத்தான். "ஆமான்னு சொல்லுடா கண்ணு. தும்பி பிடிச்சுத் தர்றேன்."

கீச்சானுக்குத் தும்பி பிடிக்கும். அப்பாவையும் பிடிக்கும். நாலு பேர் முன்னால் அப்பாவைப் பொய்யன் ஆக்க அவனுக்கு மனம் வரவில்லை. அலகை இறுக மூடிக்கொண்டான்.

கரடியார் அவனை ஓரக்கண்ணால் பார்த்தார். "சரி, சொல்ல வேண்டாம். நீ கெட்டிக்காரனாமே! ராத்திரி உன் கூட்டுல என்னென்ன கேட்கும்? பேசிக் காட்டு பார்ப்போம்!"

பேசிக் காட்டு என்றால் போதும், கீச்சானுக்கு மற்றதெல்லாம் மறந்துவிடும். சிறகை உதறிக்கொண்டு ஆரம்பித்தான்.

"கொரக்! கொரக்!" அது குளத்துத் தவளை. "பொளக்!" அது தண்ணீரில் விழுந்த நாவல் பழம். "றெக்கைக்குள்ள வாடா, சாரல் அடிக்குது!" அது வடிவு. "கிர்ர்ர்... கிர்ர்ர்..." அதுவும் வடிவுதான், குறட்டை! கூட்டமே சிரித்தது. வடிவு வெட்கத்தில் சிறகால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"அருவி எப்படிடா இரையும்?" என்று கேட்டார் கரடியார்.

கீச்சான் வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை.

"அப்பா குரலாவது வருமா?"

"ஓ, வருமே!" கீச்சான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நீலனாகவே மாறினான். "இந்த வாரம் வேலை இருக்குடா கண்ணு. அடுத்த வாரம் வந்து கூட்டிட்டுப் போறேன்!"

"வேற?"

"இந்த வாரம் வேலை இருக்குடா கண்ணு. அடுத்த வாரம்..."

இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை.

நீலன் தலை கவிழ்ந்தான். பறந்துபோய், தான் கட்டாமல் விட்ட பாதிப் பழத்தைக் கொண்டுவந்து கரடியார் முன் வைத்தான்.

"நீ கட்டினது போதும், கிளம்பும்மா!" என்றார் கரடியார் வடிவிடம்.

நீலன் தயங்கித் தயங்கிக் கீச்சானிடம் வந்தான். "இன்னைக்கு அருவி பார்க்க வர்றியாடா?"

கீச்சான் அம்மாவைப் பார்த்தான். அவள் தலையாட்டினாள். அப்பாவுக்குப் பின்னால் பறக்கும்போது அந்தக் கேள்வியையே அவன் பேசிப் பேசிப் பார்த்துக்கொண்டான். அப்பா குரலில் அது அவனுக்குப் புது வரி!

பிள்ளையைத் தன் பேரில் காட்டுவதால் யாரும் பிள்ளையை வளர்த்தவர் ஆகிவிட மாட்டார். பக்கத்தில் இருந்து வளர்த்தவருக்கே அந்த உரிமை.