கல்லு மாதிரி ஒரு ஆள்

மஞ்சள் மண்டி முதலாளி நாச்சிமுத்து, மண்டியில் இருக்கிற எல்லோருக்குமாக ஒரு வைத்திய நிதி தொடங்கினார். வாராவாரம் சந்தா கட்டினால் ஆஸ்பத்திரிச் செலவை நிதி பார்த்துக்கொள்ளும். இருமுகிறவர்களும் இடுப்பு பிடித்தவர்களும் முதல் நாளே சேர்ந்தார்கள். பணம் கரைந்தது. சந்தாவைக் கூட்டினார். கொஞ்சம் தெம்பாக இருந்தவர்கள் விலகிக்கொண்டார்கள்.

மண்டி கூட்டும் வேலாத்தாளைக் கூப்பிட்டார். அவள் புருஷனுக்கு அடுத்த வாரம் ஆபரேஷன். அந்த நிதியை நம்பித்தான்.

"நோய்நொடி இல்லாத ஒரு ஆளையாவது சாயங்காலத்துக்குள்ள சேர்த்துவிடு. இல்லைன்னா நிதியை மூடிருவேன்."

சாயங்காலம் வந்து நின்றாள்.

"ஒருத்தர் இருக்காருங்க. சேரத்தான் மாட்டேங்கறாரு."

"நாளைக்கு என்ன வரும்னு அவனுக்குத் தெரியுமா? மடையன். யாரு அவன்?"

"நீங்கதானுங்க. தொடங்கின அன்னைக்குக் கணக்குப்பிள்ளை கேட்டப்போ, 'கல்லு மாதிரி இருக்கேன், எனக்கெதுக்கு'ன்னீங்க. நான் இன்னைக்குக் கேட்ட எல்லாரும் அதையேதானுங்க சொன்னாங்க."

மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள்.

நாச்சிமுத்து சட்டைப்பைக்குள் கைவிட்டபடி, "சந்தா இப்ப எவ்வளவு?" என்றார், அதைக் கூட்டியதே தான்தான் என்பதை மறந்தவர் போல.