சாமரக் கோலும் ஒற்றைச் செருப்பும்

தாழைமங்கலத்து அரண்மனையில் செவ்வந்திலிங்கம் என்று ஒரு விகடர் இருந்தார். ஊரில் எல்லோரும் வாயால் சோறு தின்றார்கள். அவருக்கு வாய்தான் சோறு போட்டது. அந்த வாயே ஒருநாள் அவரை மாட்டிவிட்டது.

குமாரரங்க ராஜாவுக்குப் புதிதாக ஒரு சாமரம் வேண்டியிருந்தது. கைப்பிடி கருங்காலியில், நான்கு முழ நீளம், சுண்டுவிரல் பருமன். கடைசல் வேலை செய்யும் மூக்காண்டி ஆசாரி கும்பிட்டார்.

"மகாராஜா, இத்தனை நீளத்துல இத்தனை சன்னமா கடைஞ்சா நடுவுல ஆட்டங்கண்டு ஒடிஞ்சிருமுங்க."

பேச்சு அத்தோடு முடிந்திருக்கலாம். செவ்வந்திலிங்கத்துக்கு நாக்கு அரித்தது. "ஒரு குச்சி கடைய இவ்வளவு பாடா? நானே கடைந்துவிடுவேன்" என்றார்.

ராஜாவின் வலப்பக்கம் உட்கார்ந்திருந்த மந்திரி திருமேனிநாதர் இப்படி ஒரு நாளுக்காகப் பத்து வருஷம் பொறுமையாக இருந்தவர்.

"கடையட்டுமே அரசே. வெள்ளிக்கிழமைக்குள் கடையாவிட்டால், ஒரு வருஷம் சபையில் வாய் திறக்கக் கூடாது."

"ஆகட்டும்" என்றார் ராஜா.

வாய் திறக்காத விகடருக்கு யார் படியளப்பார்கள்? செவ்வந்திலிங்கம் நேரே ஆசாரியின் பட்டறைக்கு ஓடினார். இரண்டு முளைகளுக்கு நடுவே கோலை மாட்டினார்கள். ஆசாரியின் மனைவி கோலில் சுற்றிய கயிற்றை இழுக்க, கோல் சுற்றியது. விகடர் உளியை வைத்தார். கோல் வில்லாக வளைந்து பட்டென்று ஒடிந்தது. உளி மொட்டை என்றார். அடுத்தது ஒடிந்தபோது மரம் மட்டம் என்றார். மூன்றாவதற்குக் கயிற்றைக் குறை சொன்னார். ஏழாவது ஒடிந்தபோது குறை சொல்ல அவரைத் தவிர வேறு யாரும் மிச்சமில்லை.

"உளி தள்ளுற பக்கம் கோல் விலகி ஓடுதுங்க ஐயா" என்றார் ஆசாரி. "ரெண்டு முனைக்கும் ஆள் இருக்கு. நடுவுக்குக் கேக்க நாதியில்ல."

அடுத்த கோலுக்குப் பின்னால் விகடர் தன் விரலையே கொடுத்துத் தாங்கினார். விரல் வெந்துபோனது. அப்புறம்தான் புத்தி வந்தது. மூலையில் கிடந்த பழைய நுகத்தடியில் ஒரு துண்டு அறுத்து, மேலே கோல் உட்காருகிற மாதிரி ஒரு வெட்டு வெட்டினார். மரத்தோடு மரம் உரசாமலிருக்க உள்ளே தோல் வேண்டும். வாசலில் ராஜா அவருக்குக் கொடுத்த மான்தோல் செருப்பு கிடந்தது. இடது காலுடையதை மனசைக் கல்லாக்கிக்கொண்டு கிழித்தார். வெட்டில் தோலை ஒட்டி, விளக்கெண்ணெய் தடவி, உளிக்கு எதிர்ப்பக்கம் கட்டையை நிறுத்தி இறுக்கினார். கோல் சுற்றியதும் புகை வந்தது.

"இறுக்கிப் பிடிக்க வேணாம் ஐயா. சும்மா ஒட்டிக்கிட்டு நின்னா போதும்" என்றார் ஆசாரி.

தளர்த்தினார். கோல் ஆடாமல் சுற்றியது. ஆனால் விகடர் கை பட்ட இடமெல்லாம் மேடும் பள்ளமுமாக இருந்தது. கடைசியில் உளியை ஆசாரியிடமே கொடுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை சபையில் சாமரக் கோலைப் பார்த்து ராஜா பூரித்துப்போனார். மந்திரி ஆசாரியிடம் திரும்பினார்.

"கடைந்தது யார்?"

"நான்தானுங்க. ஆனா கோலுல சும்மா ஒட்டிக்கிட்டு நிக்கிற இந்தத் தாங்குகட்டைய ஐயாதான் செஞ்சாரு. இது இல்லாட்டி..."

"கடைந்தவர் ஆசாரி. தாங்கியது கட்டை. இவர் எதைச் செய்தார்? சும்மா ஒட்டிக்கொண்டு நிற்பதெல்லாம் ஒரு வேலையா?"

செவ்வந்திலிங்கம் யோசித்துப் பார்த்தார். வெட்கக்கேடு, மந்திரி சொன்னதில் பொய்யில்லை. வாயைப் பொத்திக்கொண்டு ராஜாவுக்குப் பின்னால் தன் இடத்தில் உட்கார்ந்தார்.

அடுத்து ஏரி மதகு வழக்கு வந்தது. கீழூரார் மதகைத் திறக்கச் சொன்னார்கள், மேலூரார் மூடச் சொன்னார்கள். வலப்பக்கம் மந்திரி, "திறக்க வேண்டும்" என்றார். இடப்பக்கம் தளவாய், "மூட வேண்டும்" என்றார். ராஜா திறக்கச் சொன்னார், உடனே மூடச் சொன்னார், மறுபடி திறக்கச் சொன்னார். வழக்கமாக இந்தக் கட்டத்தில் பின்னாலிருந்து ஒரு விகடம் வரும். சபை சிரிக்கும். அந்த இடைவெளியில் ராஜா தன் புத்தியால் ஒரு முடிவுக்கு வருவார். இன்று பின்னால் சத்தமே இல்லை. உத்தரவு எழுதுகிற ராயசக்காரர் அதற்குள் இரண்டு ஓலையைக் கிழித்துவிட்டார்.

"செவ்வந்தி, ஏதாவது சொல்லித் தொலையேன்."

விகடர் தன் வாயைக் காட்டி, மந்திரியையும் காட்டினார். பிறகு எழுந்துபோய் ஆசாரியிடமிருந்து தாங்குகட்டையை வாங்கிவந்து, தோல் ஒட்டிய பக்கம் ராஜாவின் முதுகை லேசாகத் தொடும்படி நிறுத்திவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

ராஜா வலப்பக்கம் பார்த்தார். இடப்பக்கம் பார்த்தார். பின்னால் தடவிப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மந்திரியாரே, ஒட்டிக்கொண்டு நிற்பதும் வேலைதான் போலிருக்கிறது. நீங்கள் இரண்டு பேரும் கடைந்த கடைசலில் நான் ஒடிந்தே போயிருப்பேன். தண்டனை ரத்து. மதகை மூன்று நாள் திறக்கட்டும், மூன்று நாள் மூடட்டும். ஆசாரிக்குப் பொற்காப்பு. செவ்வந்தி, உனக்கு என்ன வேண்டும்? வாயைத் திற."

"செருப்பு வேண்டும் அரசே. இடது காலுக்கு மட்டும்."

"ஒற்றைச் செருப்பா? பழையது எங்கே?"

"அரசே கோபிக்கக் கூடாது. அதுதான் இப்போது தங்கள் முதுகைத் தாங்கிக்கொண்டிருக்கிறது."