நாக்கு வைத்தியமும் நாவல் ஏரியும்

நாவாய்த்துறை என்றொரு துறைமுகப் பட்டணம். அங்கே ஒருவன் தமிழில் கத்தரிக்காய் கேட்பான், தெலுங்கில் பேரம் பேசுவான், மராத்தியில் நலம் விசாரிப்பான், எடை குறைந்தால் இந்துஸ்தானியில் திட்டுவான். இதை ஒரு திறமை என்று அவ்வூரில் யாரும் நினைத்ததில்லை. கப்பலில் இங்கிலீஷ் வந்து இறங்கிய பிறகுதான், தங்களுக்குப் பேச்சே வராது என்ற உண்மை அவர்களுக்குத் தெரியவந்தது.

அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் நாக்கு வைத்தியர் வரதப்பையா. வெள்ளைக்காரர்களின் கும்பினிக் கிடங்கில் சில காலம் பேச்சை மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷியாக இருந்தவர். கடைத்தெருவில் வைத்தியசாலை திறந்து, வருகிற பிள்ளையைப் பேசச் சொல்வார். தமிழ் வந்தால் தலையை ஆட்டுவார். தெலுங்கும் கூடவே வந்தால் கண்ணை மூடிக்கொள்வார். பட்டு வணிகர், எண்ணெய்ச் செட்டியார், கோயில் சோதிடர் எல்லோரும் இங்கிலீஷ் வரவழைக்கத் தங்கள் வாயாடிப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அவர் வாசலில் காத்துக் கிடந்தார்கள்.

ஊருக்கு வந்த ஆசை அரசருக்கு வராதா? பக்கத்து நாட்டு இளவரசன் கும்பினித் துரைக்கு 'குட் மார்னிங்' சொன்னானாம். துரை அவன் கன்னத்தைத் தட்டினாராம். கேட்டதிலிருந்து அரசர் கண்டீரவ பூபதிக்குத் தூக்கமில்லை. வைத்தியரை வரவழைத்தார்.

இளவரசன் பூவராகனுக்கு நான்கு வயது. தாயிடம் தெலுங்கு, செவிலியிடம் தமிழ், சமையற்காரரிடம் மராத்தி, குதிரைக்காரரிடம் இந்துஸ்தானி என்று நாள் முழுக்கப் பொரிந்துகொண்டிருப்பான். வைத்தியர் அவன் நாக்கை வெளியே நீட்டச் சொல்லி வெகுநேரம் பார்த்தார்.

"மகாராஜா, ஒரே நுகத்தில் நான்கு மாடு! இங்கிலீஷ் படியும் வரை வேறு பாஷை இவர் காதில் விழவே கூடாது."

அரசர் அங்கேயே ஆணையிட்டார்: "இளவரசன் காது கேட்க இங்கிலீஷ் தவிர எது பேசினாலும் நாடு கடத்தல்!"

அரசவை விகடர் மலைக்கொழுந்து பணிவாகக் கேட்டார்: "யாராக இருந்தாலுமா, மகாராஜா?"

"யாராக இருந்தாலும்தான்! இதில் என்னய்யா சந்தேகம்?"

"சந்தேகமில்லை. நன்றாகக் கேட்டுக்கொண்டேன்."

அரண்மனையில் இங்கிலீஷ் தெரிந்தவர் எவருமில்லை. ஆகவே மௌனம். ராணி சைகையால் சோறூட்டினாள். செவிலி வாயை மூடிக்கொண்டு தாலாட்டினாள். மலைக்கொழுந்தைக் கண்டால் "கொழுந்து மாமா!" என்று கூவிக்கொண்டு ஓடிவருகிற பிள்ளை, இப்போது தன் உதட்டைத் தானே இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு நின்றான். சில நாளில் விரலும் தேவைப்படவில்லை, பேச்சே நின்றுபோனது. வைத்தியரோ பூரித்துப்போனார். "பழையது கழிகிறது, மகாராஜா. நல்ல அறிகுறி!"

மலைக்கொழுந்தோ பேசிப் பிழைக்கிற மனிதர். ஒரு குழந்தை வாய் மூடிப்போவதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பார்?

பொங்கல் கழிந்ததும், வழக்கம்போல் பக்கத்து நாட்டுத் தூதர் வந்தார். எல்லையில் இருக்கிற நாவல் ஏரி யாருக்கு என்பது தாத்தா காலத்து வழக்கு. ஆண்டுதோறும் தூதர் சபையில் மூன்று முறை கேட்பார். அரசரோ அவர் வாரிசோ தம் வாயால் மறுக்க வேண்டும். மறுக்காவிட்டால் ஏரி போய்விடும். இதுவரை போனதில்லை.

தூதர் தொண்டையைச் செருமினார். அதே நேரம், இளவரசனைத் தோளில் சுமந்துகொண்டு மலைக்கொழுந்து சபைக்குள் நுழைந்தார்.

"நாவல் ஏரியை எங்களுக்குத் தருகிறீர்களா?" என்றார் தூதர்.

அரசர் வாயைத் திறந்தார். மலைக்கொழுந்து தம் உதட்டில் விரல் வைத்து, பிள்ளையின் காதைக் காட்டினார். அரசர் திறந்த வாயோடு விழித்தார். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் ஒன்றே ஒன்றுதான்.

"குட் மார்னிங்!" என்று உறுமினார்.

தூதர் குழம்பினார். பிள்ளையை அப்பால் கொண்டுபோகச் சொல்லி அரசர் கையை வீசினார். மலைக்கொழுந்து கும்பிட்டுவிட்டு, பிள்ளையைக் கொண்டுவந்து அரசர் மடியிலேயே உட்கார வைத்தார்.

"இரண்டாம் முறை கேட்கிறேன். ஏரியைத் தருகிறீர்களா?"

அரசர் வைத்தியரைப் பார்த்தார். வைத்தியர் ஓடிவந்து, தம் புலமையெல்லாம் திரட்டி, முழ நீள இங்கிலீஷ் வாக்கியம் ஒன்றைக் காதில் ஓதினார். அதன் முதற்படியிலேயே அரசரின் நாக்கு தடுக்கி விழுந்தது. "கு... குட் மார்னிங்!"

தூதரின் முகம் மலர்ந்தது. "மூன்றாம் முறை! தருகிறீர்களா?"

அரசருக்கு வியர்த்துக் கொட்டியது. உதடு துடித்தது, ஓசை வரவில்லை. பிள்ளை அண்ணாந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தான். அந்த அவஸ்தை அவனுக்குப் பழக்கமானது. சட்டென்று மடியில் எழுந்து நின்றான்.

"முடியாது! குதரது! நாஹி! நஹீ! அது எங்க ஏரி!" என்று கத்தினான். பிறகு மலைக்கொழுந்தின் பக்கம் திரும்பினான். "கொழுந்து மாமா, அப்பாவுக்கும் வைத்தியம் பண்ணிட்டாங்களா? பாவம், விட்டுடச் சொல்லுங்க!"

வாரிசின் வாய் மறுத்துவிட்டது, அதுவும் நான்கு பாஷையில். தூதர் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு நடையைக் கட்டினார்.

"என் சிங்கக்குட்டியே!" என்று அரசர் பிள்ளையை வாரி அணைத்தார்.

மலைக்கொழுந்து மெல்ல வந்து, பிள்ளையின் இரு காதுகளையும் பொத்தினார். "மகாராஜா, இப்போது தாங்கள் பேசியது தமிழ். இளவரசர் காதில் நன்றாகவே விழுந்தது. எல்லைக்குப் பல்லக்கு தயார் செய்யச் சொல்லட்டுமா?"

அரசர் அவரை முறைத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "ஆணை ரத்து! இங்கிலீஷ் ஐந்தாவதாக வந்து, இருக்கிற நான்கோடு சேர்ந்து உட்காரட்டும்." மலைக்கொழுந்துக்கு முத்துமாலை கிடைத்தது.

மறுநாள் காலை அந்த மாலையைப் போட்டுக்கொண்டு அவர் கடைத்தெரு வழியாக நடந்தார். வைத்தியசாலை வாசலில் முன்பைவிட நீளமான வரிசை. 'ஊமையான இளவரசரை ஒரே நாளில் நான்கு பாஷை பேசவைத்த இடம்' என்று புதுப் பலகை தொங்கியது. வரிசையின் முதல் ஆளாக, மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவருடைய மனைவி அலமேலு!

"அடியே, நீயுமா? நேற்று சபையில் நடந்தது உனக்குத் தெரியாதா?"

"தெரியாமல் என்ன?" என்றாள் அலமேலு, வரிசையை விட்டு நகராமல். "நீங்கள் இங்கிலீஷ் இல்லாமலே வாயை வைத்துப் பிழைத்துவிட்டீர்கள். பிள்ளை பிழைக்க வேண்டாமா?"