தொட்டிக்குள் மாட்டிய அழுக்குநக்கி

ஜப்பான் நாட்டில் பேய்களும் மனிதர்களோடு ஒண்டுக்குடித்தனம் இருந்த காலத்தில், மலைச்சாலையோரம் ஜிம்பே என்பவன் ஒரு சத்திரம் நடத்தினான். சமைப்பதில் சூரன், பேசுவதில் சூரன், குளியல் தொட்டி தேய்ப்பதில் மட்டும் மகா சோம்பேறி.

அந்த நாட்டில் வெளியே உட்கார்ந்து அழுக்குப் போகக் குளித்த பிறகுதான் வெந்நீர்த் தொட்டிக்குள் இறங்குவார்கள். அப்படியும் தேய்க்காத தொட்டியில் பாசி பிடித்தது. பாசியைத் தேடி அழுக்குநக்கிப் பேய் வந்தது. சிவந்த உடம்பு, பரட்டைத் தலை, உடம்பைவிட நீளமான நாக்கு. வந்ததும் தொட்டியைப் பளபளவென்று நக்கி வைத்தது.

ஜிம்பேக்குப் பயமே வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. "சம்பளம் கேக்காத வேலையாள் வந்துட்டான், ஓரின்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, தேய்க்கிற நார்களையெல்லாம் அடுப்பில் போட்டான்.

அந்தச் சமயம் பார்த்துச் சேதி வந்தது. சிற்றரசர் குளிக்க வருகிறார், தொட்டி சுத்தமில்லை என்றால் சத்திரத்தை இழுத்து மூடிவிடுவார். பேய்க்கு அழுக்குத் தீனி கூடினால் அது செய்யும் வேலையும் கூடுமல்லவா? அப்படித்தான் ஜிம்பேயின் புத்தி போனது.

"யாரும் வெளியில குளிக்க வேணாம், சேத்தோட நேரா தொட்டியில இறங்குங்க" என்று விருந்தாளிகளை உபசரித்தான். குதிரைக்காரன் இறங்கினான், உழவன் இறங்கினான், கரி சுடுகிறவனும் இறங்கினான்.

பேய் நக்கியது, நக்கியது, நக்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் வயிறு உப்பித் தொட்டிக்குள்ளேயே மாட்டிக்கொண்டு குறட்டை விட்டது. தொட்டியில் பாதி அழுக்கு அப்படியே கிடந்தது. மலையடிவாரத்தில் சிற்றரசரின் பல்லக்கு தெரிந்தது.

ஜிம்பே இழுத்தான், பேய் அசையவில்லை. கெஞ்சினான், எழவில்லை. அழுதான், ஏப்பம்தான் வந்தது.

ஓரின் அவன் கையில் சாம்பலையும் வைக்கோலையும் திணித்தாள். "அழுக்கு இருக்கற வரைக்கும் அது போகாது. நீங்க தேய்ங்க. நான் தேநீர் குடுத்து ராஜாவ வாசல்லயே நிறுத்தி வைக்கறேன்."

ஜிம்பே தொட்டியைத் தேய்த்தான், தரையைத் தேய்த்தான், பேயையும் சேர்த்துத் தேய்த்தான். தின்ற அழுக்கெல்லாம் கரைந்து, அது சிறுத்துச் சிறுத்துத் தவளையளவு ஆனது. கண் விழித்துச் சுற்றிப் பார்த்தது. மிச்ச அழுக்கு ஜிம்பேயின் முகத்தில் மட்டும்தான் இருந்தது. தாடையிலிருந்து நெற்றிவரை ஒரே இழுப்பாக நக்கியது. "இந்த வீட்டுல இனிமே பட்டினிதான்" என்று முனகிவிட்டு ஜன்னல் வழியே தாவி ஓடியது.

சிற்றரசர் உள்ளே வந்தார். மின்னும் தொட்டியைப் பார்த்தார். கரியப்பிய முகத்தில் ஒரு வெள்ளைக் கோட்டோடு நிற்கும் ஜிம்பேயைப் பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"உன் சத்திரம் பொழைச்சுது, போ. ஆனா முதல்ல நீ குளி, அப்புறம் நான் குளிக்கறேன்."

கேட்டுக்கொண்டீர்களா, நம் வீட்டு அழுக்கை நாமே தேய்க்காவிட்டால், அதைத் தின்ன வருகிறவன் கொழுத்து நம் வீட்டையே அடைத்துக்கொள்வான்.