ஐந்தாவது இலை

ரயில்வே கேட்டுக்கு அப்பால், ஓடு வேய்ந்த நீளமான ஒரு வீட்டில் சலோமி இருந்தார். முன்பு நர்ஸ். வேலையை விட்டுவிட்டு, தன்னைப் போன்ற இன்னும் சில பெண்களோடு ஜெபமும் கீரைத் தோட்டமுமாக அங்கே வாழ்ந்தார். வயது நாற்பதுதான் இருக்கும். ஆனாலும் ஊரில் மூத்தவர்கள்கூட அவரை அம்மா என்றே அழைத்தார்கள். யாராவது வந்து எதையாவது கேட்டால் அவர் பெரும்பாலும் பதில் சொல்ல மாட்டார். ஒரு வேலை சொல்லி அனுப்புவார்.

வியாழன்தோறும் அங்கே வருபவர்களில் தேவஇரக்கமும் ஒருவர். நூற்பு மில்லில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் ஃபிட்டர். ஐம்பது தாண்டியவர். அவர் சலோமியை அம்மா என்பார். சலோமி அவரை அண்ணாச்சி என்பார். இரண்டு பேருக்கும் அதில் சங்கடம் இருந்ததில்லை.

தேவஇரக்கத்தின் ஒரே மகள் பெர்சிஸுக்கு அந்த வருஷம் மே மாதம் கல்யாணம் ஆனது. கல்யாணம் நன்றாக நடந்தது. கடன் தலைக்கு மேல் போனது. பைக்கை விற்றுவிட்டுச் சைக்கிளுக்கு வந்தார். மனைவி எப்சிபாள் முறுக்கு சுட்டுக் கடைக்குப் போட்டாள். சம்பளம் கைக்கு வந்ததும் ஒரு பங்கு கடனுக்குப் போய்விடும். இப்படியே இன்னும் கொஞ்ச காலம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் கரையேறிவிடலாம்.

அதற்குள் டிசம்பர் வந்தது.

அந்த வியாழக்கிழமை சலோமி தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தேவஇரக்கம் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"அம்மா, மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் இது தலைக் கிறிஸ்மஸ்."

"சந்தோஷம்."

"கல்யாணம் ஆகி முதல் கிறிஸ்மஸ். மாப்பிள்ளைக்கு மோதிரம் போடணும், அதுதான் முறை. வீட்டுக்கு லைட்டு போடணும். கேக் வாங்கணும். தெருவுக்குப் பிரியாணி குடுத்து விடணும். வருஷா வருஷம் குடுத்த கை அம்மா இது."

"இப்ப கையில என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல. ஆனா மில்லுல ஒருத்தர் போன்ல காட்டினாரு. பேரையும் நம்பரையும் போட்டா அஞ்சு நிமிஷத்துல பணம் வந்துருமாம். இந்த ஒரு தடவை மட்டும் வாங்கிக்கிடட்டுமா?"

சலோமி ஒரு பழுத்த இலையைக் கிள்ளிப் போட்டார்.

"விருந்துக்கு எத்தனை இலை அண்ணாச்சி?"

"நாலு. மகள், மாப்பிள்ளை, நாங்க ரெண்டு பேரு."

"இன்னொரு இலை போடுங்க."

"நீங்க வாறீங்களா?" தேவஇரக்கத்தின் முகம் மலர்ந்தது.

"நான் இல்ல. நீங்க யாருக்குப் பணம் குடுக்கணும்?"

"சங்கரபாண்டி அண்ணாச்சிக்கு."

"அவரைக் கூப்பிடுங்க."

தேவஇரக்கம் ஒரு கீரைத் தண்டை எடுத்துக் கிள்ளினார். பிறகு மெல்லக் கேட்டார்.

"மாப்பிள்ளை முன்னாலயாம்மா?"

"முன்னால வேண்டாம். பக்கத்துல உக்கார வைங்க."

"அவரு வாயைத் திறந்தா என் மானம் போயிருமே."

"சாப்பிடத் திறப்பாரு."

"அப்ப மோதிரம்?"

"முதல்ல கூப்பிட்டுட்டு வாங்க. மோதிரத்தைப் பத்தி அப்புறம் பேசுவோம்."

சங்கரபாண்டி பஜாரில் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருந்தார். சேர், மேசை, அண்டா, ஜமுக்காளம் எல்லாம் வாடகைக்குப் போகும். அதோடு வட்டிக்கும் விடுவார். மனைவி போய்ச் சேர்ந்து வெகுநாள் ஆகிறது, பிள்ளை இல்லை. பேச்சில் தயவு தாட்சண்யம் பார்க்காதவர் என்று பெயர். ஊரில் எந்த விசேஷமானாலும் அண்டா அவருடையது. ஆனால் அந்தப் பந்தியில் அவருக்கு இலை விழுவதில்லை. வாங்கினவன் கண்ணுக்கு எதிரே கொடுத்தவனை எவன் உட்கார வைப்பான்?

தேவஇரக்கம் கடைக்கு எதிரே சைக்கிளோடு வெகு நேரம் நின்றார். ஒரு தடவை திரும்பிப் போகவும் பார்த்தார். அதற்குள் சங்கரபாண்டி பார்த்துவிட்டார்.

"என்னவே, மாசம் இன்னும் பொறக்கலையே. அதுக்குள்ள வந்து நிக்கீரு?"

"கிறிஸ்மஸுக்கு வீட்டுக்கு வரணும் அண்ணாச்சி. மத்தியானச் சாப்பாடு."

சங்கரபாண்டி அடுக்கிக்கொண்டிருந்த சேரைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

"எதுக்கு?"

"சாப்பிடத்தான்."

"தவணை தள்ளிப் போடணும்னா இங்கேயே சொல்லிரும். அதுக்கு விருந்து எதுக்கு?"

"அதெல்லாம் இல்ல அண்ணாச்சி. ஒண்ணாந் தேதி ஒண்ணாந் தேதிதான்."

சங்கரபாண்டி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"வாரேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் எப்சிபாள் அடுப்பை அணைத்துவிட்டாள்.

"உங்களுக்குப் புத்தி பிசகிப் போச்சா? நல்ல நாளும் அதுவுமா, மாப்பிள்ளை பக்கத்துலயா அவரு?"

"அம்மா சொன்னாங்க."

"அம்மாவுக்கு மாப்பிள்ளை உண்டா, சம்பந்தி உண்டா?"

அவள் முணுமுணுத்துக்கொண்டே மாவைப் பிசைந்தாள். வெகு நேரம் கழித்துக் கையை நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

"அவரு வந்து உக்காந்திருக்கப்ப மாப்பிள்ளை விரல்ல புது மோதிரம் மின்னினா அவரு என்ன நினைப்பாரு?"

"என் பணத்துல இவன் மோதிரம் போடுதான்னு நினைப்பாரு."

"லைட்டு போட்டா?"

"அதையும்தான்."

"தெருவுக்கெல்லாம் பிரியாணி போனா?"

தேவஇரக்கம் தலையைக் குனிந்துகொண்டார். எப்சிபாளுக்குத் திடீரென்று சிரிப்பு வந்தது. மகள் கல்யாணத்துக்குப் பிறகு அந்த வீட்டில் அவள் சிரித்து அவர் கேட்டதில்லை.

"அப்ப ஒரு கோழி போதும்" என்றாள்.

போனில் பணம் வாங்கும் பேச்சு அதோடு நின்றது. முறுக்கு விற்ற காசில் மருமகனுக்கு வேட்டியும் சட்டையும், மகளுக்கு ஒரு சேலையும் எடுத்தார்கள். முந்திரிக்கொத்துப் பலகாரத்தை வீட்டிலேயே செய்தார்கள். பரணில் கிடந்த பழைய நட்சத்திரத்தைத் துடைத்து, கிழிந்த பக்கத்தில் சிவப்புத் தாள் ஒட்டி, வாசலில் தொங்கவிட்டார்கள். தேவஇரக்கம் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். ஆனால் ஒவ்வொரு ராத்திரியும் படுக்கும்போது அவருக்கு ஒரே யோசனைதான்: சங்கரபாண்டி வராமல் இருந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

சங்கரபாண்டி வந்தார். வெளுத்த வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா என்று பார்ப்பது போல ஒரு நிமிஷம் நின்றார். எப்சிபாள் வந்து பழத்தை வாங்கிக்கொண்டு, "வாங்க அண்ணாச்சி" என்றாள்.

மருமகன் ஜெபசிங் மதுரையில் மருந்துக் கம்பெனி பிரதிநிதி. அதிகம் பேசாத பையன். வந்தவர் யார் என்று அவனுக்குத் தெரியாது. எழுந்து நின்று வணக்கம் சொன்னான். ஐந்து இலை போட்டிருந்தது. நல்ல நாளில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது அந்த வீட்டு வழக்கம். பெர்சிஸ் மட்டும் வந்தவரை அடையாளம் கண்டு, அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாட்டுக்கு முன்னால் தேவஇரக்கம் ஜெபம் செய்தார். சுருக்கமாகத்தான் செய்தார். கடைசியில், சிறு பிள்ளைகளுக்கும் மனப்பாடமாகத் தெரிந்த பரமண்டல ஜெபத்தைச் சொல்லத் தொடங்கினார். அதை அவர் ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். அதில் 'எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்' என்று ஒரு வரி வரும் என்பது, அந்த வரிக்கு வந்து சேர்ந்தபோதுதான் அவருக்கு உறைத்தது.

குரல் நின்றுவிட்டது.

எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள். கறிவாசனை எழுந்துகொண்டிருந்தது. தேவஇரக்கம் அந்த வரியை மறுபடி எடுத்தார். மறுபடியும் அதே இடத்தில் நின்றது. சங்கரபாண்டி ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார்.

"ஏன்வே நிறுத்திட்டீரு? மறந்து போச்சா?"

ஜெபசிங்கும் கண்ணைத் திறந்தான்.

"மறக்கல" என்றார் தேவஇரக்கம். பிறகு மருமகனைப் பார்த்துத் திரும்பினார். "மாப்பிள்ளை, இந்த அண்ணாச்சிக்கு நான் கடன்பட்டிருக்கேன். உங்க கல்யாணத்துக்கு வாங்கினது. இன்னும் பாதிகூட அடையல. அதனாலதான் மோதிரம் போட முடியல. பைக் ரிப்பேருல கிடக்குன்னு உங்ககிட்ட சொன்னதும் பொய். அதை வித்துட்டேன்."

பெர்சிஸ் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எப்சிபாள் இலையைப் பார்த்தபடி இருந்தாள். சங்கரபாண்டிக்குத்தான் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. வாசல் பக்கம் பார்த்தார்.

ஜெபசிங் தன் விரல்களைப் பார்த்தான். பிறகு மாமனாரைப் பார்த்தான்.

"ஜெபத்தை முடிங்க மாமா" என்றான்.

தேவஇரக்கம் முடித்தார். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். சங்கரபாண்டியும், கொஞ்சம் பிந்தி, ஆமென் என்றார்.

அதற்குப் பிறகு சாப்பாடுதான். ஒரு கோழியை எப்சிபாள் எப்படிப் பங்கு வைத்தாளோ, ஐந்து இலைக்கும் அது போதுமானதாக இருந்தது. சங்கரபாண்டி இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். குழம்பில் தேங்காய் அரைத்துவிட்ட பக்குவத்தைப் பற்றி எப்சிபாளிடம் கேட்டார். அவருடைய மனைவியும் அப்படித்தான் வைப்பாளாம். கை கழுவிவிட்டு, முந்திரிக்கொத்தைப் பொட்டலமாக வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஜெபசிங்கும் ஊருக்குப் போகும்வரை அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நல்லதும் சொல்லவில்லை, பொல்லாததும் சொல்லவில்லை.

ஜனவரியில் முதல் வியாழக்கிழமை அவர் சலோமியிடம் போனார். சலோமி பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"கூப்பிட்டீங்களா அண்ணாச்சி?"

"கூப்பிட்டேன். வந்தாரு, சாப்பிட்டாரு." நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார்.

"மாப்பிள்ளை?"

"அவங்க அம்மா மோதிரம் எங்கேன்னு கேட்டாங்களாம். நான்தான் வேண்டாம்னேன்னு சொல்லிட்டாராம். பெர்சிஸ் போன்ல சொன்னா."

"சங்கரபாண்டி அண்ணாச்சி?"

தேவஇரக்கத்தின் குரலில் மனத்தாங்கல் ஏறியது.

"ஒண்ணாந் தேதி காலையிலேயே வந்து நிக்காரும்மா. வட்டியும் தவணையும் எண்ணி வாங்கிட்டாரு. ஒரு ரூபா குறைக்கல."

"குறைப்பாருன்னா கூப்பிட்டீங்க?"

"அப்படின்னு இல்ல." வாளியைப் பார்த்தார். "கொஞ்சம் அப்படியும்தான்."

"வாங்கிட்டு உடனே போயிட்டாரா?"

"இல்ல. அவ காப்பி போட்டா. உக்காந்து குடிச்சாரு. மாப்பிள்ளையை விசாரிச்சாரு. எனக்கு மில்லுக்கு நேரமாயிருச்சு, அவரு பேச்சை நிறுத்தல."

சலோமி தண்ணீரை அடுத்த பாத்திக்குத் திருப்பினார்.

"கடன் அப்படியேதான் இருக்கும்மா" என்றார் தேவஇரக்கம்.

"இருக்கும். கடன்காரரு நல்லா இருக்காரா?"

தேவஇரக்கம் குழம்பினார்.

"யாரைக் கேக்கீங்கம்மா? அவரையா, என்னையா?"

சலோமி நிமிர்ந்து பார்த்தார்.

"ரெண்டு பேருக்கும் ஒரே பேர்தானே, அண்ணாச்சி."