நண்டுக்கு அர்த்தம் கேட்டவன்

“பச்சை குத்தலையோ பச்சே…” என்று இழுத்த ஒரு குரல், வெகு காலத்துக்கு முன்னால், கல்லாற்றின் அக்கரையிலிருந்து தண்ணீரின்மேல் வழுக்கிக்கொண்டு வந்தது. ராஜாக்கள் யானைமேல் போன காலம். கேட்டால் மரங்கள்கூடப் பதில் சொன்ன காலம். அந்தக் குரலைக் கேட்டுத்தான் பவளாயி என்கிற சின்னப்பெண் தன் பரிசலை அக்கரைக்கு விட்டாள்.

குறத்தி ஊசியைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். “என்ன போடட்டும் கண்ணு? மயிலா, தேளா, கோலமா?”

“நண்டு.”

“நண்டா? எத்தனையோ ஊரு சுத்தியிருக்கேன். நண்டு கேட்டவளைப் பாத்ததில்ல.”

ஆற்றுமணலில் நண்டு வளையைவிட்டு வெளியே வரும். ஒரு பிடி மண்ணை எறியும். சுற்றிலும் பார்க்கும். மறுபடி உள்ளே போய்விடும். யார் பார்க்கிறார்கள், என்ன நினைக்கிறார்கள் என்ற கவலை அதற்கு இல்லை. பவளாயி ஆசைப்பட்டாள், குத்திக்கொண்டாள். இடது முன்கையில், கொடுக்கை விரித்தபடி ஒரு பச்சை நண்டு. அவ்வளவுதான் காரணம். ஆனால் உலகத்துக்கு அவ்வளவு போதாது, கேளுங்கள்.

கொஞ்ச காலத்தில், கையில் தேளைப் பச்சை குத்திய ஒருவன், ராஜா வெற்றிலை துப்பும் தங்கப் படிக்கத்தைத் திருடி அகப்பட்டுக்கொண்டான். அன்றிலிருந்து கோட்டைக்குள் பச்சை குத்தியவர் எல்லோரும் திருடர் ஆனார்கள். படிக்கத்தைத் திருடியவனுக்குத் தொப்பையும் இருந்தது. தொப்பைக்காரர்களை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

பரிசலில் ஏறுகிறவர்கள் ஆற்றைப் பார்க்கவில்லை, பவளாயியின் கையைப் பார்த்தார்கள். இது எதற்கு, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார்கள். முதல் சில வருஷங்கள் அவள் வளையிலிருந்து தொடங்கி முழுக்கதையும் சொன்னாள். பிறகு பாதிக்கதை சொன்னாள். தலை நரைத்தபோது அவளிடம் மிச்சம் இருந்தது இவ்வளவுதான்: “ஆசைப்பட்டேன், குத்திக்கிட்டேன்.” அதைச் சொல்லும்போதும் துடுப்பை நிறுத்தமாட்டாள்.

அவளுக்குத் தங்கை ஒருத்தி இருந்தாள். பெயர் பேச்சி. இருபது வயது இளையவள், அக்காள் தூக்கி வளர்த்த பிள்ளை. பேச்சியின் தோளில் பச்சை குத்திய ஓர் அணில். குழம்பில் உப்பு கூடினால் சண்டை, குறைந்தால் சண்டை. சிரித்தால் அக்கரை நாய் குரைக்கும்.

அவளைக் கோட்டைக்குள்ளே ஓர் அரிசி வியாபாரி வீட்டில் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் தோளைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தாள். “பொண்ணு லட்சணமாத்தான் இருக்கா. இந்த அழுக்கைத் துடைச்சுட்டா முகூர்த்தம் வெச்சுக்கலாம். எங்க ஊர்ல நிர்மலன்னு ஒரு மகான் இருக்காரு. வலிக்காம எடுத்துடுவாரு.”

அந்த வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் யானைக் கொட்டாரம் தெரியும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். பேச்சிக்கு யானை என்றால் உயிர். போனாள். பொழுது சாய மகானிடமிருந்து திரும்பினாள். தோள் வெறுமையாக இருந்தது.

“அணில் எங்கடி?”

“போயிடுச்சுக்கா. அவரு அர்த்தம் கேட்டாரு. ராமருக்கு மண் சுமந்த அணில், பக்திக்காகக் குத்தினதுன்னு சொன்னேன். உரிஞ்சு வந்துடுச்சு.”

“நீ பக்திக்கா குத்தின? அது உன் மாங்காயைத் தூக்கிக்கிட்டு ஓடிச்சுன்னு சிரிச்சுக்கிட்டே குத்தினியேடி.”

பவளாயி சோறு போட்டாள்.

“உப்பு போதுமா?”

“எதுவானாலும் சரி.”

“முகூர்த்தத்துக்கு அரக்குச் சேலையா, மஞ்சச் சேலையா?”

“எதுவானாலும் சரி.”

“மாப்பிள்ளையை உனக்குப் பிடிச்சிருக்காடி?”

“எதுவானாலும் சரி.”

பவளாயி கரண்டியைக் கீழே வைத்தாள். மாப்பிள்ளை வீட்டாருக்கோ பரம சந்தோஷம். இவ்வளவு அடக்கமான பெண் எங்கே கிடைப்பாள் என்றார்கள். வருகிற பௌர்ணமிக்கு நாள் குறித்தார்கள். இப்படியே போனால் தங்கை அந்த வீட்டில் ஒரு தூணாக நின்றுவிடுவாள், அதை யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள் என்று அக்காளுக்குத் தெரிந்தது. மறுநாள் விடிந்ததும் பரிசலைக் கரையில் கவிழ்த்துப் போட்டுவிட்டு நடந்தாள்.

கோட்டை வாசலில் காவலன் ஈட்டியைக் குறுக்கே நீட்டினான். “ஏம்மா, கையைக் காட்டு. என்ன திருடின?”

“ஒண்ணும் திருடலை.”

“அப்ப இது எதுக்கு? என்ன அர்த்தம்?”

“ஆசைப்பட்டேன், குத்திக்கிட்டேன்.”

“தேள் குத்தினவன் படிக்கத்தைத் தூக்கினான்.”

“இது நண்டுய்யா.”

காவலன் குனிந்து பார்த்தான். “ரெண்டுக்கும் கொடுக்கு இருக்கே,” என்று யோசித்துவிட்டு, ஒரு கந்தல் துணியை அவள் கையில் சுற்றி உள்ளே விட்டான்.

கடைத்தெருவில் மோர்க்காரி நல்லவள். துணி நழுவியதும், அவள் பானையைக் கீழே வைத்தாள். “அடப் பாவமே. யாரு தாயி இப்படிப் பண்ணினது? கட்டிக்கிட்டவனா? கையைப் பிடிச்சு வெச்சுக் குத்தினானா?”

“இல்லம்மா. ஆசைப்பட்டேன், குத்திக்கிட்டேன்.”

“பயப்படாம சொல்லு. என்ன அர்த்தம்?”

பவளாயி மோரைக் குடித்துவிட்டு நடந்தாள். மோர்க்காரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காவலன் ஈட்டியைவிட அந்த இரக்கம் பாரமாக இருந்தது.

நிர்மலனின் மண்டபம் முழுக்கச் சுண்ணாம்பு வெள்ளை. அவன் போர்த்தியிருந்த சால்வையில் மட்டும் நிறைய உருவங்கள்: மயில், மீன், தேர், ஊஞ்சல். நெசவு வேலை என்று ஊர் நினைத்திருந்தது. பவளாயி பார்த்தபோது ஒரு மயில் கழுத்தைத் திருப்பியது. ஓரத்தில் ஓர் அணில் வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அவளுக்கு முன்னால் ஒரு தச்சன் நின்றான். முழங்கையில் பல்லைக் காட்டும் கோமாளி முகம். அரண்மனையில் வேலை வேண்டுமானால் கை சுத்தமாக இருக்கவேண்டுமாம். நிர்மலன் அந்தக் கோமாளியின்மேல் விரலை வைத்தான்.

“இதற்கு என்ன அர்த்தம், மகனே?”

தச்சன் தயங்கினான். “என் தகப்பனார் ஞாபகமா, சாமி.”

அது பொய் என்று கோமாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும். சிரிப்பு அணைந்தது. நனைந்த இலை உரிவதுபோல் அது தோலைவிட்டு உரிந்து சால்வையில் போய் ஒட்டிக்கொண்டது.

“தாகமாக இருக்கிறதா? தண்ணீர் தரட்டுமா, பானகம் தரட்டுமா?”

“எதுவானாலும் சரி,” என்றான் தச்சன்.

பவளாயிக்குப் புரிந்துவிட்டது. ஊர் வாயை அடைக்க நாம் சொல்லும் கௌரவமான பொய்யில்தான் இவனுடைய வித்தை இருக்கிறது.

“வா, மகளே.” நிர்மலனின் விரல் நண்டின்மேல் அமர்ந்தது. பனிபோல் குளிர்ந்தது. “எவ்வளவு அழகான நண்டு. மற்றவர்களுக்குப் புரியாது. எனக்குப் புரியும். ஏதோ ஆழ்ந்த பொருள் இருக்கிறது. என்ன அர்த்தம்?”

“ஆசைப்பட்டேன், குத்திக்கிட்டேன்.”

நண்டு அசையவில்லை.

“கடக ராசியா? நேர்த்திக்கடனா? இறந்துபோன யாருக்காவதா? நீ வாய் திறக்கக்கூட வேண்டாம். நான் சொல்வதற்குத் தலையை ஆட்டினால் போதும். என்ன அர்த்தம்?”

தலையை ஆட்டுவது எவ்வளவு சுலபம். எத்தனை வருஷமாக எத்தனை பேர் அவளுக்கு அந்தச் சுலபத்தை நீட்டியிருக்கிறார்கள். பவளாயி பெருமூச்சு விட்டாள். “ஆசைப்பட்டேன், குத்திக்கிட்டேன்.”

நிர்மலனின் நெற்றி வேர்த்தது. சால்வையின் ஓரத்தை எடுத்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தான். அணில் அவளை நிமிர்ந்து பார்த்தது.

“இதற்காகத்தானே வந்தாய்? ஒரே ஒரு பொய் சொல். சின்னப் பொய். அணில் உன் தங்கையிடம் போய்விடும். சத்தியம் செய்கிறேன். என்ன அர்த்தம்?”

தங்கைக்காக அவள் கையையே வெட்டிக் கொடுப்பாள், நண்டு எந்த மூலை. வாய்வரைக்கும் ஒரு பொய் வந்தது. பிறகு வீட்டை நினைத்தாள். பேச்சி திரும்பி வந்து, உப்பு கூடிப்போச்சு என்று சண்டைக்கு நிற்பாள். எதிரே அக்காள், “எதுவானாலும் சரி,” என்பாள். பேச்சி யாரோடு சண்டை போடுவாள்? அதற்கா அவளை மீட்பது?

மேலும், பவளாயி களைத்திருந்தாள். பொய் ஒன்றை ஜோடித்து, அதற்குப் பூவும் பொட்டும் வைத்து வெளியே அனுப்பும் தெம்பு அவளுக்கு இல்லை. உண்மைதான் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது.

“சாமி, எனக்கு அலுத்துப்போச்சு. ஆசைப்பட்டேன், குத்திக்கிட்டேன். அவ்வளவுதான். அதுக்கு மேல ஒண்ணுமில்ல.”

மூன்று முறை கேட்டும் பொய் கிடைக்காததால் மந்திரம் பட்டினி கிடந்தது. நண்டு மெதுவாகக் கொடுக்கை விரித்தது. பிறகு நிர்மலனின் விரலைக் கவ்வியது. அவன் கையை உதறினான், கத்தினான், பின்னால் விழுந்தான். சால்வை நழுவியது. உருவங்கள் எல்லாம் மழைக்கால ஈசல்போல் எழும்பின. மயில்கள் ஜன்னல் வழியாகப் போயின. தேர் வாசல் வழியாக உருண்டது. கோமாளி தச்சனின் முழங்கையில் குதித்துப் பல்லைக் காட்டினான். தச்சன் உடனே, “ஐயோ, எனக்குப் பானகம் வேணும், எலுமிச்சை தூக்கலா,” என்றான். அணில் தூணில் ஏறிக் கூரை வழியாக ஆற்றுப் பக்கம் ஓடியது.

நண்டு விரலை விட்டுவிட்டுத் தன் இடத்தில் படுத்துக்கொண்டது.

சால்வையில் ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. சின்னக் கழுதை. கோணலாக வரையப்பட்டது, மிகப் பழையது. அது நடந்து வந்து நிர்மலனின் காலடியில் நின்றது. அவன் மார்பில், நெஞ்சுக்கு நேரே, தேய்த்துத் தேய்த்துப் புண்ணாகி ஆறிய ஒரு வடு.

“உங்களுதா?” என்றாள் பவளாயி.

“சின்ன வயதில். எங்கள் தெருவில் ஒரு கழுதை இருந்தது.” அவன் குரல் தேய்ந்திருந்தது. “எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் முதலில் பொய் சொன்னேன்.”

“இப்பவும் சிரிப்பாங்க.”

“சிரிப்பார்கள்,” என்றான். பிறகு கையை நீட்டினான். கழுதை ஏறி மார்பில் நின்றது. மந்திரவாதி மண்டபத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வெட்கத்தோடு சொன்னான்: “எனக்குக் கருப்பட்டி வேண்டும்.”

இந்த விஷயம் ராஜாவுக்குப் போயிற்று. அரண்மனையிலும் ஏழெட்டுப் பேருக்குத் தோளிலும் கணுக்காலிலும் உருவங்கள் திரும்பி வந்திருந்தன. பட்டத்து ராணிக்கு ஓர் ஆமை. ராணி திருடியா என்று கேட்க யாருக்கும் தைரியம் இல்லை. ஆகவே பச்சை குத்தியவர் திருடர் என்ற சட்டம் போயிற்று. பவளாயியைச் சபைக்கு அழைத்து, கல்லாற்றுத் துறையை ஆயுசுக்கும் அவளுக்கே எழுதிக் கொடுத்தார் ராஜா. பிறகு சிம்மாசனத்திலிருந்து கொஞ்சம் முன்னால் சாய்ந்தார்.

“அதெல்லாம் சரி, தாயே. அந்த நண்டுக்கு என்னதான் அர்த்தம்?”

“மகாராஜா, இன்னொரு வரம் வேணும். என் பரிசல்ல ஏறுறவங்க இதைக் கேக்கக் கூடாது.”

ராஜா சிரித்துவிட்டு அதையும் கொடுத்தார்.

அவள் துறைக்கு வந்து சேர்ந்தபோது, வாசலில் நின்று பேச்சி கத்திக்கொண்டிருந்தாள். “எங்கக்கா போன? குழம்பு வெச்சேன், உப்பு அள்ளிப்போச்சு. அந்த அரிசிக்கடைக்காரனை எனக்குப் பிடிக்கல, சொல்லிட்டேன். யானையை நான் தெருவுல நின்னே பாத்துக்குவேன்.” தோளில் அணில் வாலை ஆட்டியது. அக்கரை நாய் குரைத்தது. பவளாயி படியில் உட்கார்ந்து கால்களை நீட்டிக்கொண்டாள். உப்பு நிஜமாகவே அதிகம்.

அதன்பிறகு அவள் பல வருஷம் பரிசல் விட்டாள். தோல் சுருங்கியது. நண்டும் கூடவே சுருங்கியது. ஒரு மழைக்காலத்தில் இறந்துபோனாள். பேச்சி அவள் காதிலிருந்த தண்டட்டியைக் கழற்றினாள், கால் மெட்டியைக் கழற்றினாள். நண்டு அவளோடு போயிற்று.